டிரையர் வென்ட் சுத்தம் செய்யும் வேலை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி, 9 ஜனவரி 2023

டிரையர் வென்ட், அதாவது துணி காயவைக்கும் மெஷினிலிருந்து காற்று வெளியேறும் குழாய், அதைச் சுத்தம் செய்யும் வேலையில் இறங்கலாம் என்று இருக்கிறேன். டிரில் கையில் இருக்கிறது, அதில் மாட்டிச் சுற்றும் பிரஷ் செட் ஒன்று வாங்கினால் போதும், நாலு வீடியோ பார்த்தாலே பிடிபட்டுவிடும் என்கிறார்கள். இதற்குப் போய் வகுப்பு, சான்றிதழ் எல்லாம் வேண்டுமா? இந்த வேலையில் இருக்கும் அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

9 ஜனவரி 2023, இரவு

பிரஷ் ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும் தம்பி. ஆனால் வீட்டுக்காரர் அதற்காக நம்மைக் கூப்பிடுவதில்லை. துணி காயவில்லை, டிரையர் கொதிக்கிறது, தீய்ந்த வாடை வருகிறது என்றுதான் கூப்பிடுகிறார். காற்று ஏன் வெளியே போகவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அமெரிக்காவில் ஆறு வருடமாக இதைச் செய்கிறேன். இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு வீடாவது என்னை நிறுத்தி யோசிக்க வைத்துவிடும்.

முதலில் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். டிரையர் சூடான ஈரக்காற்றை வெளியே தள்ளுகிறது. கூடவே துணியிலிருந்து உதிரும் பஞ்சும் போகிறது. வடிகட்டி வலை பெரும்பகுதியைப் பிடித்துவிடும், எல்லாவற்றையும் பிடிக்காது. தப்பித்த பஞ்சு ஈரத்தோடு போய் வளைவுகளிலும், குழாய் வீட்டுக்கு வெளியே முடியும் இடத்திலிருக்கும் வெளிமூடியிலும் ஒட்டும். காற்று குறையும். ஈரம் வெளியே போகாததால் துணி காய நேரம் கூடும், சூடு உள்ளேயே தங்கும். நல்ல காலம் என்றால் சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் தெர்மல் ஃபியூஸ் போய் டிரையர் நின்றுவிடும். இல்லையென்றால் ஹீட்டர் பக்கத்தில் கிடக்கும் பஞ்சு பற்றும்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான கணக்கைப் போட்டது. குடியிருப்புகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 டிரையர் தீ, 5 சாவு, 100 பேருக்குக் காயம், 3.5 கோடி டாலர் சேதம். காரணங்களில் முதலிடம் சுத்தம் செய்யாமல் விட்டதற்கு, 34 சதவீதம். மாதங்களில் ஜனவரிதான் உச்சம். நீங்கள் கேட்டிருப்பதும் ஜனவரியில்.

11 ஜனவரி 2023

எங்கே தொடங்குவது என்றால் உங்கள் வீட்டு டிரையரில். பிளக்கைப் பிடுங்குங்கள். கேஸ் டிரையர் என்றால் இப்போதைக்குத் தொடாதீர்கள், அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். டிரையரை மெதுவாக முன்னால் இழுங்கள். பின்னால் சுவருக்கும் டிரையருக்கும் நடுவில் ஒரு இணைப்புக் குழாய் இருக்கும். கிளாம்ப்பைத் தளர்த்திக் கழற்றி, சுவரிலிருக்கும் குழாய்க்குள் கையை விட்டுப் பாருங்கள்.

என் முதல் வீட்டில் எல்போவிலிருந்து, அதாவது குழாய் வளையும் துண்டிலிருந்து, எடுத்த பஞ்சு இன்னும் நினைவில் இருக்கிறது. கையில் எடுத்தபோது நனைந்த கம்பளி மாதிரிக் கனத்தது. பிரித்துப் பார்த்தால் அடுக்கடுக்காக இருந்தது. ஒரு அடுக்கு நீலம், புதுத் துண்டு வாங்கிய காலம் போல. அதன்மேல் சாம்பல் நிறத்தில் நாய் முடி. அதற்கும் மேல் வெள்ளை. அந்த வீட்டின் இரண்டு மூன்று வருடம் அப்படியே என் உள்ளங்கையில் இருந்தது.

சுத்தம் செய்வதற்கு முன்னால் வெளிமூடியில் காற்றின் வேகத்தை அளங்கள். செய்தபிறகும் அளங்கள். அனிமோமீட்டர் என்ற சின்ன விசிறிக் கருவி போதும். 4 அங்குலக் குழாயின் வாய் ஏறத்தாழ 0.087 சதுர அடி. நிமிடத்துக்கு 1,200 அடி வேகம் காட்டினால் நிமிடத்துக்கு 105 கன அடி காற்று போகிறது. 500 காட்டினால் 44தான். இந்தப் பெருக்கல் மனப்பாடம் ஆகட்டும்.

12 ஜனவரி 2023

நேற்று விட்டுப்போனது. டிரில்லை ஒருபோதும் எதிர்த்திசையில் சுற்றாதீர்கள். பிரஷ்ஷைக் குழாய்க்குள் தள்ளும் ராடுகள் மரைபோட்டு ஒன்றோடொன்று முறுக்கியவை. வலப்பக்கம் சுற்றினால் இறுகும், இடப்பக்கம் சுற்றினால் உள்ளேயே கழன்றுவிடும்.

முதல் மாதத்தில் எனக்கு நடந்தது. பிரஷ் ஒரு வளைவில் சிக்கியது. மரத்தில் ஸ்க்ரூ சிக்கினால் என்ன செய்வோம், பின்னால் சுற்றி எடுப்போம். கை பழக்கத்தில் அதையே செய்தது. டிரில் திடீரென்று லேசாகிவிட்டது. அந்த லேசான உணர்வை மறக்கவே மாட்டேன். இழுத்தேன், மூன்று ராடு வந்தது. பிரஷ்ஷும் மீதி ராடும் சுவருக்குள். அடித்தளத்தில் ஒரு இணைப்பு திறந்திருந்ததால் அதைக் கழற்றி எடுத்தேன். அந்த இணைப்பு மட்டும் இல்லையென்றால் சுவரை வெட்டியிருக்க வேண்டும். வீட்டுக்கார அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது நான் பட்டன் போட்டுப் பூட்டும் ராடுதான் வைத்திருக்கிறேன். மரை ராடுதான் கிடைக்கிறது என்றால் ஒவ்வொரு இணைப்பிலும் டேப் சுற்றுங்கள். சிக்கினால் டிரில்லை நிறுத்தி, கையால் வலப்பக்கமே திருப்பிக்கொண்டு இழுங்கள்.

20 ஜனவரி 2023

சான்றிதழ் பற்றித் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கப் புகைபோக்கிப் பாதுகாப்பு நிறுவனம், இங்கே எல்லோரும் சி.எஸ்.ஐ.ஏ. என்பார்கள், டிரையர் வெளியேற்றக் குழாய்க்கென்றே தனிச் சான்றிதழ் தருகிறது. பெயர் சி-டெட். படித்துத் தேர்வு எழுத வேண்டும், காலாவதி ஆனால் புதுப்பிக்க வேண்டும். ஏர் கண்டிஷன் குழாய் சுத்தம் செய்பவர்களின் சங்கமான நாட்காவும் ஒரு சான்றிதழ் தருகிறது, ஆனால் அது வீட்டின் மொத்தக் காற்றுக் குழாய் வேலைக்கானது. டிரையர் மட்டும் செய்யப்போகிறவர் சி-டெட்டில் தொடங்கலாம்.

நான் முதல் ஒன்றரை வருடம் சான்றிதழ் இல்லாமல்தான் ஓட்டினேன். அப்புறம் படித்தபோது வெட்கமாக இருந்தது என்று சொல்லமாட்டேன், பயமாக இருந்தது. எத்தனை வீட்டில் விதிக்குப் புறம்பான குழாயைப் பளபளவென்று சுத்தம் செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பழைய பட்டியலை எடுத்து, நினைவிருந்த ஒன்பது வீட்டுக்குப் போன் செய்தேன்.

உரிமம் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும். உங்கள் நகர அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பொறுப்புக் காப்பீடு இல்லாமல் முதல் வீட்டுக்குள்கூடக் கால் வைக்காதீர்கள்.

21 ஜனவரி 2023

"விதிக்குப் புறம்பு என்றால் எது?" நல்ல கேள்வி. பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பில் எம்1502 என்ற பகுதி டிரையர் குழாய்க்கானது. அதை அச்செடுத்து வண்டியில் வைத்திருக்கிறேன், ஓரம் எல்லாம் கசங்கிப்போய்விட்டது.

குழாய் 4 அங்குல விட்டம், உள்ளே வழவழப்பான உலோகம். வெளியில்தான் போய் முடிய வேண்டும், மாடப்பரணிலோ தரையடி இடைவெளியிலோ விடக்கூடாது. முடியும் இடத்தில் காற்று திரும்பி வராத மூடி வேண்டும், வலை கூடாது. பூச்சி வராமலிருக்க நல்லெண்ணத்தோடு வலை போட்டிருப்பார்கள், அது மூன்றே மாதத்தில் பஞ்சுத் தட்டி ஆகிவிடும். இணைப்பில் அடித்த ஸ்க்ரூ உள்ளே எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் நீட்டக்கூடாது, நீட்டினால் ஒவ்வொரு ஸ்க்ரூவும் பஞ்சு பிடிக்கும் கொக்கிதான். நீளம் 35 அடிக்குள் இருக்க வேண்டும்.

வெள்ளை வினைல் குழாய் எங்கே பார்த்தாலும் சுத்தம் செய்யாதீர்கள், மாற்றச் சொல்லுங்கள். அது எரியும்.

22 ஜனவரி 2023

நேற்று 35 அடி என்று மொட்டையாக எழுதிவிட்டேன், திருத்துகிறேன். வளைவுக்கு வளைவு அதிலிருந்து கழிக்க வேண்டும். சாதாரண 90 பாகை எல்போ ஒன்றுக்கு 5 அடி, 45 பாகைக்கு இரண்டரை அடி. இரண்டு 90 பாகை எல்போ இருந்தால் மிஞ்சுவது 25 அடிதான். இதுவே 10 அங்குல ஆரத்தில் அகலமாக, வழவழப்பாக வளைந்த எல்போ என்றால் ஒன்றுக்கு ஒன்றரை அடி மட்டும் கழித்தால் போதும். அதனால்தான் குழாய் மாற்றும்போது அகல வளைவு போடச் சொல்லி மன்றாடுகிறேன். டிரையர் தயாரிப்பாளரின் கையேட்டில் வேறு நீளம் இருந்தால் விதி அதையும் ஏற்கிறது. டிரையர் மாடலைப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

முன்பெல்லாம் துணி துவைக்கும் இடம் வெளிச்சுவரை ஒட்டி இருக்கும், குழாய் மூன்று நாலு அடியில் முடிந்துவிடும். இப்போது மாடியில், வீட்டுக்கு நட்டநடுவில் வைக்கிறார்கள். நம் தொழில் வளர்ந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

4 பிப்ரவரி 2023

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கற்றுக்கொள்ள வருகிறவருக்குத் தெரியத்தான் வேண்டும்.

இரண்டாவது வருடம். ஒரு வீட்டில் 20 அடி ராடு போட்டு ஓட்டினேன், பிரஷ் வெண்ணெயில் கத்தி மாதிரிப் போய் வந்தது. கொஞ்சம் பஞ்சு வந்தது. டிரையர் போட்டுப் பார்த்தேன், பின்னாலிருந்து காற்று நன்றாகவே போனது. காசு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வெளிமூடி கூரைமேல் இருந்தது, மழை தூறிக்கொண்டிருந்தது, ஏறவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும் ஏனோ அது உறுத்தியது. காற்று போகிறது சரி, எங்கே போகிறது? போன் செய்து மறுபடி போனேன். மாடப்பரணில் ஏறி டார்ச் அடித்தால், கூரைக்கு இரண்டடி கீழே குழாய் கழன்று சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பஞ்சு. மேலே கூரைப்பலகை ஈரத்தில் கறுத்திருந்தது. நேற்று என் பிரஷ் அவ்வளவு சுலபமாகப் போனதற்குக் காரணம், முனையில் தடையே இல்லை. நான் தள்ளிய பஞ்சும் அந்தக் குவியலில்தான் விழுந்திருந்தது.

அன்றைக்கு முழுநாளும் உட்கார்ந்து அள்ளினேன், குழாயைச் சேர்த்து உலோக டேப் ஒட்டினேன். காசு வாங்கவில்லை. இப்போது எனக்கு ஒரே கட்டாயம்: வெளிமூடியில் காற்று வருவதை என் கண்ணால் பார்க்காமல் எந்த வீட்டையும் விட்டுக் கிளம்புவதில்லை.

துணி டேப் வேண்டாம், சூட்டில் பசை காய்ந்து உதிரும். அலுமினிய ஃபாயில் டேப்தான்.

6 பிப்ரவரி 2023

ஜனவரி 11ஆம் தேதி எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது, யாரும் சுட்டவில்லை. வெளிமூடியில் அளந்த வேகத்தைக் குழாய் வாயின் பரப்பால் பெருக்கச் சொன்னேன். மூடியின் வாய் 4 அங்குல வட்டமாக இருப்பது அபூர்வம். தடுப்பு இருக்கும், காற்று தள்ளினால் திறக்கும் மடல் பாதி திறந்திருக்கும், ஒரு ஓரத்தில் வேகம் அதிகம், மறு ஓரத்தில் குறைவு. ஆகவே அந்த எண்ணை உண்மையான கன அடி என்று நம்பாதீர்கள். ஒரே மூடியில், ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடத்தான் அது உதவும். அப்படி ஒப்பிடும்போது அது அருமையான சாட்சி.

குழாயின் எதிர்ப்பை நேராகப் பார்க்க மேனோமீட்டர் வாங்குங்கள். டிரையரின் வாய்க்குப் பக்கத்தில் அழுத்தம் அளக்கலாம். நான் அதிகம் பார்க்கும் டிரையர் கையேடுகளில் 0.6 அங்குல நீரழுத்தத்தைத் தாண்டக்கூடாது என்று இருக்கும். சுத்தம் செய்தபிறகும் அதற்கு மேல் காட்டினால் பஞ்சு காரணமில்லை, குழாயின் நீளமோ வளைவோ நசுங்கலோ காரணம்.

6 பிப்ரவரி 2023, பிறகு

நசுங்கல் என்றதும் ஞாபகம் வந்தது. எல்லாம் சுத்தம் செய்து அளந்து முடித்து, டிரையரைச் சுவரோடு தள்ளி வைக்கும்போதுதான் பின்னால் இருக்கும் இணைப்புக் குழாய் மடங்கும். அதனால் கடைசி அளவு டிரையரைத் தள்ளி வைத்த பிறகுதான். இணைப்புக் குழாய் ஒரே துண்டாக, 8 அடிக்குள், யு.எல். 2158ஏ என்ற பாதுகாப்புத் தர முத்திரையோடு இருக்க வேண்டும். சுவருக்குள் போகக்கூடாது. தேவைக்கு மேல் ஒரு சாண் நீளம் இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

19 பிப்ரவரி 2023

கேஸ் டிரையர். பர்னர் எரிந்த புகையும் அதே குழாய் வழியாகத்தான் போகிறது. அடைத்தால் தீ பயம் மட்டுமில்லை, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. நான் உள்ளே போகும்போதே பெல்ட்டில் அந்த வாயுவைக் காட்டும் அளவி மாட்டிக்கொண்டுதான் போகிறேன்.

இழுக்கும்போது கேஸ் குழாய் இழுபடாமல் பாருங்கள். கழற்ற வேண்டும் என்றால் உங்கள் ஊரில் அதற்கு உரிமம் கேட்கிறார்களா என்று தெரிந்துகொண்டு தொடுங்கள். திரும்ப மாட்டியதும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். ஒரு நிமிட வேலை.

மின்சார டிரையர் 240 வோல்ட். பிளக் உருகின அடையாளம், பழுப்பு நிறம், எது தெரிந்தாலும் நிறுத்துங்கள். அது எலக்ட்ரீஷியன் வேலை.

20 பிப்ரவரி 2023

ஏணி பற்றி இரண்டு வரி. நாலுக்கு ஒன்று: 16 அடி உயரத்தில் சாய்த்தால் அடி சுவரிலிருந்து 4 அடி தள்ளி இருக்க வேண்டும். கூரையில் இறங்குவதாக இருந்தால் ஏணி விளிம்புக்கு மேல் 3 அடி நீட்டியிருக்க வேண்டும். ஈரமான கூரையில் ஏறாதீர்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். அன்றைக்கு நான் மழையில் ஏறாதது சரி. ஏறாமலேயே வேலை முடிந்தது என்று சொன்னதுதான் தப்பு.

16 ஏப்ரல் 2023

கூடு காலம் வந்துவிட்டது. மடல் உடைந்த வெளிமூடி பறவைக்குத் தயாரான வீடு. சூடு, பஞ்சு, கூரை எல்லாம் இருக்கிறது. போன வாரம் ஒரு குழாயிலிருந்து இரண்டு சாக்கு வைக்கோல் எடுத்தேன்.

கவனம். ஐரோப்பிய மைனாவுக்கும் வீட்டுச் சிட்டுக்குருவிக்கும் அமெரிக்காவின் 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டத்தில் பாதுகாப்பில்லை. ஆனால் ரென் என்ற சின்னப் பறவை போன்ற உள்நாட்டுப் பறவைகளுக்கு உண்டு. முட்டையோ குஞ்சோ இருந்தால் தொடக்கூடாது. எந்தப் பறவை என்று தெரியாவிட்டால் பிரஷ்ஷை உள்ளே விடாதீர்கள், கேமரா விட்டுப் பாருங்கள். குஞ்சு பறக்கும்வரை டிரையரைப் போடாமல் கொடியில் துணி காயவைக்கச் சொன்னேன் ஒரு வீட்டில். அந்த வீட்டுப் பாட்டிக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான்.

18 ஏப்ரல் 2023

கூட்டை எடுத்ததோடு முடியவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார், உண்மை. மூடியை மாற்றாவிட்டால் அடுத்த வாரமே திரும்ப வரும். சரி, பறவை நுழையாத மூடி போடலாம். ஆனால் அதன் தடுப்பு பஞ்சைப் பிடிக்காத வகையாக இருக்க வேண்டும். கூண்டு மாதிரி நெருக்கமாகக் கம்பி வைத்தது வலைக்குச் சமம்.

2 மே 2023

"சுத்தம் செய்ய ஒன்றுமே இல்லாத வீட்டில் என்ன செய்வது?" காசு வாங்காதீர்கள், அல்லது பார்த்ததற்கு மட்டும் வாங்குங்கள். ஒரு வீட்டில் குழாய் கண்ணாடி மாதிரி இருந்தது, துணி மட்டும் காயவில்லை. வடிகட்டி வலையைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன். தண்ணீர் கீழே இறங்காமல் வலைமேல் குளம் கட்டி நின்றது. துணியை மென்மையாக்க டிரையருக்குள் போடும் தாளின் மெழுகு வலைக் கண்ணையெல்லாம் அடைத்திருந்தது. பாத்திர சோப்பும் பழைய பல்துலக்கும் போட்டுத் தேய்த்ததும் தண்ணீர் பொலபொலவென்று இறங்கியது. அந்த வீட்டம்மா சொல்லி அதே தெருவில் ஏழு வீடு கிடைத்தது.

14 மே 2023

தம்பி முதல் வீடு முடித்து அளவு போட்டிருக்கிறார்: காற்றின் வேகம் நிமிடத்துக்கு முன்பு 380 அடி, பின்பு 720. ஒரே மூடியில் அளந்ததாகச் சொல்கிறார், நல்லது. ஆனால் குழாய் 12 அடி, எல்போ ஒன்றே ஒன்று என்கிறீர்கள். அவ்வளவு குட்டைக் குழாய்க்கு 720 எனக்குக் குறைவாகப் படுகிறது. டிரையரைத் தள்ளி வைத்த பிறகு எடுத்த அளவா? அப்படியென்றால் திரும்ப இழுத்து, இணைப்புக் குழாயைக் கழற்றிவிட்டு டிரையரின் வாயிலேயே அளந்து பாருங்கள். அங்கேயும் காற்று குறைவாக இருந்தால் டிரையருக்குள்ளே, விசிறிக் கூட்டில் பஞ்சு இருக்கிறது. அங்கே நன்றாக வந்தால் பின்னால் எங்கேயோ நசுங்கியிருக்கிறது. மூடியின் மடல் முழுசாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள், பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும் சில வீட்டில். எண்ணை இங்கேயே போடுங்கள், ராத்திரி பார்க்கிறேன்.

14 மே 2023, இரவு

நசுங்கல்தான். 1,130 வந்துவிட்டதா, சரி. அந்த வீட்டுக்கு ஃபாயில் குழாயை எடுத்துவிட்டு ஓரளவு மட்டும் வளையும் விறைப்பான உலோகக் குழாய் போடுங்கள். பழையதைத் தூக்கி எறியாதீர்கள், அடுத்த வீட்டில் காட்ட உதவும்.